கீசருக்கு ஒரு தீர்மானம்

அத்தியாயம் 11

எபெனேசர் இல்லத்தில் வெந்நீர் வேண்டுமென்றால் கதவைத் தட்ட வேண்டும். குளியலறைக் கதவை அல்ல, அசரியாவின் ஆபீஸ் ரூம் கதவை.

கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடுக்குப் பின்னால் இந்த வீட்டைக் கட்டியபோது வயரிங் பிளானை அசரியா தானே கிராஃப் தாளில் வரைந்தார். கீசர் குளியலறையில். அதன் சுவிட்ச் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம், அவருடைய அறையில். "வெந்நீர் பொறுப்புள்ளவங்க கையில இருக்கணும்" என்று அப்போது எலக்ட்ரீஷியனிடம் சொன்னாராம். இருபது வருடமாக அது அவர் கையில்தான் இருக்கிறது.

மருமகள் சுஜிக்கு ஒரகடத்தில் வேலை. கார்களுக்குள் ஓடும் வயர்க் கட்டுகளைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இன்ஜினியர். முதல் ஷிப்டுக்கான கம்பெனி பஸ் மேற்குத் தாம்பரத்துக்கு ஐந்தே முக்காலுக்கு வரும். ஆகவே ஐந்து மணிக்கு அவள் மாமனாரின் கதவைத் தட்டியாக வேண்டும். ஒரு மங்கி குல்லா கதவைத் திறக்கும்.

"எத்தனை நிமிஷம்?" என்று குல்லா கேட்கும்.

"பதினஞ்சு, மாமா."

ஏழு கிடைக்கும். டிசம்பர் மாதத்தில் ஏழு நிமிடத்துக்கு வருவது வெந்நீர் அல்ல. வெந்நீரைப் பற்றிய வதந்தி.

நேற்று வெள்ளிக்கிழமை அந்த வதந்திகூட வரவில்லை. தலை நிறைய ஷாம்பு நுரையோடு குழாயைத் திறந்தவள் மேல் பனிக்கட்டியாகக் கொட்டியது. "மாமா! போட்டீங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "ஜெபத்துல இருக்கேம்மா" என்று சுவர் பதில் சொன்னது. பஸ் போய்விட்டது. கணவன் ஜோஸ்வின் பைக்கில் துரத்திக்கொண்டு போய்ப் படப்பை மார்க்கெட் அருகே அதைப் பிடித்துக் கொடுத்தான். காதோரம் காய்ந்த நுரையோடு பஸ் ஏறிய அவளை நாற்பது பேர் பார்த்தார்கள்.

அந்தப் படியில் கால் வைத்தபோதே அவள் மனத்துக்குள் பெருங்களத்தூருக்குக் குடி போய்விட்டாள்.

பெருங்களத்தூரில் புது அடுக்குமாடி ஒன்றில் வாடகைக்கு ஒரு வீட்டைச் சென்ற ஞாயிறு இருவரும் ரகசியமாகப் பார்த்திருந்தார்கள். வீட்டுக்காரர் தயாளன் கறாரானவர். "சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு போன் பண்ணுவேன். சரியா, இல்லையா, ஒரே வார்த்தை. வேற பார்ட்டி வெயிட்டிங்" என்று சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை இன்றுதான். சுஜிக்கு விடுமுறை.

"இன்னிக்கு ஆறு மணிக்குள்ள, இந்த வீட்டுல யாரையும் கேக்காம ஒரு பக்கெட் வெந்நீர் பிடிக்க முடிஞ்சா, தயாளன் சாருக்கு வேணாம்னு சொல்லிடறேன். முடியலேன்னா சரின்னு சொல்லிடுவேன். ஓகேவா?" என்று காலையிலேயே கணவனிடம் கேட்டாள்.

ஜோஸ்வின் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை இருந்தது வசதியாகப் போயிற்று. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரி தலையை ஆட்டினான்.

அந்த ஒரு பக்கெட்டுக்கு அவள் நம்பியிருந்தது, மூன்று வாரமாகப் பேச்சில் இருந்த ஸ்மார்ட் பிளக்கை. சுவர் சாக்கெட்டில் அதைச் செருகி, அதில் கீசரைச் செருகிவிட்டால் போதும். போனைத் தொட்டால் கீசர் எரியும், தொட்டால் அணையும். சுவிட்சையே வெளியே மாற்றிவிடலாம் என்று சுஜி முதலில் சொல்லிப் பார்த்தாள். "பிளான் நான் போட்டது" என்று மாமனார் மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டார். பிளக் என்றால் சுவரை உடைக்க வேண்டாம். பிளானும் கெடாது, அவர் ஜெபமும் கெடாது. அசரியாகூடச் சம்மதித்தார். ஆனால் எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்றார்.

அந்த வீட்டில் 'முறைப்படி' என்பதைவிடப் பயங்கரமான சொல் கிடையாது.

அசரியா ஒன்பது ஆண்டுகள் சபைக் கமிட்டியின் செயலாளராக இருந்தவர். ஜூலையில் நடந்த தேர்தலில் பதினோரு ஓட்டில் தோற்றார். சபை நிம்மதியாக மூச்சு விட்டது. வீட்டுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. சபை ஃபைல்களை அவர் புதுச் செயலாளரிடம் இன்னும் ஒப்படைக்கவில்லை. "சரிபாத்துக்கிட்டிருக்கேன்" என்று ஐந்து மாதமாகச் சொல்கிறார். ஃபைல்களுக்குக் காவலாகப் படுக்கையும் ஆபீஸ் ரூமிலேயே. வெளியே கிளம்பினால் அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

சனிக்கிழமை தோறும் காலை ஜெபம் முடிந்ததும் குடும்பக் கூட்டம். அவர் தலைவர். ஜோஸ்வின் செயலாளர். மனைவி ஞானஜோதி துணைத் தலைவர். டீ போடுவது அவர் இலாகா. சுஜி உறுப்பினர். கை தூக்கினால் பேசலாம்.

முதல் சனிக்கிழமை, பிளக் தேவையா என்று விவாதம். இரண்டாவது சனிக்கிழமை, எந்தப் பிளக் என்று ஆராய ஒரு சப் கமிட்டி. அதற்கும் அவரே தலைவர். சென்ற சனிக்கிழமை சப் கமிட்டியின் தலைவர் கமிட்டியின் தலைவரிடம் அறிக்கை சமர்ப்பித்தார். வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்றார்.

"மாமா, முதல்ல ஆம்பியர்..." என்று சுஜி ஆரம்பித்தாள்.

"கை."

கையைத் தூக்கினாள். "கீசர் ரெண்டாயிரம் வாட். பதினாறு ஆம்பியர் பிளக்தான் தைரியமா தாங்கும். நீங்க டிக் பண்ணியிருக்கிறது பத்து ஆம்பியர்."

"இதுக்கு நாலாயிரம் பேர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க. நாலாயிரம் ஓட்டு!" ஓட்டு என்றபோது அசரியாவின் குரல் லேசாகத் தழுதழுத்தது.

"அவங்கெல்லாம் டேபிள் ஃபேனுக்கு வாங்கியிருப்பாங்க, மாமா."

"இந்தச் சாட்சியைக் கேளு." மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனில் இருந்ததை வாசித்தார். "'சூப்பர் பொருள். பேக்கிங் மிக அருமை. இன்னும் பிரிக்கவில்லை.' பாத்தியா? பிரிக்காமலே அஞ்சு ஸ்டார்."

ஓட்டெடுப்பு நடந்தது. அசரியா ஆதரவு. சுஜி எதிர்ப்பு. ஞானஜோதி டீயோடு சமையலறையில் இருந்ததால் வருகை இல்லை. ஜோஸ்வின் இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லி நடுநிலை வகித்தான். ஒன்றுக்கு ஒன்று சமமானால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டாம். போட்டார். பத்து ஆம்பியர் ஜெயித்தது.

எந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று நாள் முழுக்கச் சொல்வதற்குத்தான் ஒரகடத்தில் சுஜிக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அங்கே அவள் வேண்டாம் என்றால் ஒரு லாரி லோடு திரும்பிப் போகும். இங்கே கை தூக்கியும் ஒரு பிளக்கை நிறுத்த முடியவில்லை.

இன்று பதினோரு மணிக்குப் பார்சல் வந்தது.

அசரியா அதை உடனே பிரிக்கவில்லை. ஹாலில் மேஜை மேல் வைத்து, எல்லாரையும் வரவழைத்து, "சுருக்கமா ஒரு ஜெபம் பண்ணுவோம்" என்றார். சுருக்கம் ஆறு நிமிடம் ஓடியது. அதில் தேசத் தலைவர்களும் வந்து போனார்கள். பிறகு பிளேடால் டேப்பை அறுத்து, டப்பாவைத் திறந்து, வெள்ளையாக உருண்டையாக இருந்ததை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். அவர் கையில் அது பதவி ஏற்புக்குக் காத்திருப்பதுபோல இருந்தது.

எலக்ட்ரீஷியன் எலியேசர் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்தார். இந்த வீட்டுக்கு முதலில் வயர் இழுத்ததே அவர்தான். பிளக்கை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இன்னா சார் இது? சின்ன பின்னு கீது."

"பின் சின்னதா இருந்தா என்னய்யா? டெக்னாலஜி பெருசு."

"அத்த சொல்லல சார். கீசர்து பவர் பிளக்கு, தடி பின்னு. இந்த ஓட்டைல நுழையவே நுழையாது." எலியேசர் குளியலறைக்குள் போய்க் கீசர் வயரைக் கழற்றி எடுத்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

"நடுவுல ஒரு கன்வர்டர் போடு."

"போடலாம் சார். ஒரு பத்து நாள் ஓடும். அப்பால பிளாஸ்டிக் உருகி, பாத்ரூம்லேந்து பொகை வரும். ஓகேன்னா சொல்லு, போட்டுடறேன்."

சுஜி கை தூக்கவில்லை. மாமனாரின் முகத்தை மட்டும் பார்த்தாள். தப்பு என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், இந்த வீட்டை அவள் மன்னிக்கத் தயாராக இருந்தாள்.

அசரியா தொண்டையைக் கனைத்தார். "இது கீசருக்குன்னு யார் சொன்னது?"

"அப்பா..." என்றான் ஜோஸ்வின்.

"முதல் கட்டம் நட்சத்திரம். ரெண்டாம் கட்டம்தான் கீசர். மொட்டை மாடியில தொங்குற கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தினமும் ஆறு மணிக்குத் தானா எரியணும். அடுத்த வாரம் கேரல் குரூப் வருது. மினிட்ஸ்ல எழுதிக்க."

"மினிட்ஸ்ல கீசருக்குன்னுதானே இருக்கு?"

"திருத்தம்னு போட்டுக்கடா. கீசருக்கு அடுத்த சனிக்கிழமை புதுசா ஒரு சப் கமிட்டி போடுவோம்."

ஜோஸ்வின் மினிட்ஸ் நோட்டில் திருத்தம் எழுதினான். எலியேசர் மாடிக்குப் போய் நட்சத்திரத்தை அந்த நாலாயிரம் ஓட்டுப் பிளக்கில் செருகினார். ஆறு மணிக்கு எரிய வேண்டும் என்று போனில் பதியச் சொன்னதும் அசரியா தன் போனைத்தான் நீட்டினார். அதில் இடமில்லை, ஆயிரத்துச் சொச்சம் காலை வணக்கப் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம் இருந்ததால் ஒன்றைக்கூட அழிக்க அவர் ஒப்பவில்லை. கடைசியில் ஜோஸ்வின் போனில் பதிந்தார்கள்.

சுஜி பர்ஸை எடுத்துக்கொண்டாள். "நான் மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வரேன்."

"நானும் வரேன்" என்று சமையலறையிலிருந்து ஞானஜோதி குரல் கொடுத்தார். "புளி வாங்கணும்."

புளி முந்தாநாள்தான் வாங்கியிருந்தது.

தாம்பரம் மார்க்கெட்டில் பேபி அக்காவின் எலக்ட்ரிகல் கடை ஒரு ஆள் அகலம்தான். உள்ளே போனால் திரும்பாமல் பின்பக்கமாகவே வெளியே வர வேண்டும்.

"அக்கா, கீசருக்கு ஸ்மார்ட் பிளக். பதினாறு ஆம்ஸ், தடி பின்."

பேபி அக்கா இரண்டு டப்பாக்களை எடுத்துப் போட்டார். சுஜி ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது. போன் இல்லாதவர்கள் கையால் அழுத்தவும் ஒரு பட்டன் இருந்தது.

"கரண்ட் போய் வந்தா தானா ஆன் ஆயிடாதே?"

"ஆஃப்லயே இருக்கற மாதிரி போன்ல வெச்சுக்கலாம்."

"ஃபைவ் ஜி வைஃபைலதான் ஓடும்னு சொல்லாதீங்க. எங்க மோடம் பழசு."

"பழசுதாம்மா இதுக்கு நல்லது. புது ஸ்பீடெல்லாம் இதுக்குப் புரியாது." பேபி அக்கா இன்னொரு டப்பாவைத் தட்டினார். "காசு கொஞ்சம் கூடப் போட்டா இது. எத்தனை யூனிட் இழுக்குது, எத்தனை நிமிஷம் ஓடுச்சு, எல்லாம் போன்ல காட்டும்."

"வேணாங்க்கா. அதைச் சொல்ல வீட்டுல ஒருத்தர் இருக்கார்."

ஞானஜோதி களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் முடிந்தது. மூன்று சனிக்கிழமை, ஒரு சப் கமிட்டி, ஒரு ஓட்டெடுப்பு, இரண்டு ஜெபம் எல்லாம் சேர்ந்து செய்யாததைக் கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் செய்து முடித்ததில் சுஜிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது ஞானஜோதி பிளக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். முப்பத்து நாலு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். டப்பாவில் அச்சிட்டிருந்த எல்லா எண்களையும் ஒருமுறை படித்தார்.

"நான் பச்சத் தண்ணியிலதான் குளிப்பேன், தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை. உடம்புக்கு நல்லதுன்னு சொல்வீங்க."

"ஒரு நல்லதும் இல்ல. தோள்பட்டை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது." அவர் ரோட்டைப் பார்த்தபடி பேசினார். "வீடு குடி வந்த மொத மாசம், ஒரே ஒரு நாள் போய்க் கேட்டேன். பரீட்சைப் பேப்பர் திருத்திட்டு வந்து நிக்கறேன், முதுகு ஒடியுது. 'எத்தனை நிமிஷம்?'னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. போய்ப் பச்சத் தண்ணிய ஊத்திக்கிட்டேன். அன்னிலேந்து கேக்கல."

"இருபது வருஷமாவா அத்தை?"

"இருபத்தொண்ணு. வர்ற பிப்ரவரியோட."

அந்த நேரம் பார்த்து அவள் போன் ஒளிர்ந்தது. 'பெருங்களத்தூர் தயாளன்: வீடு பற்றி 6 மணிக்கு அழைக்கிறேன்.' ஞானஜோதி கண்ணாடி போடாமலே படித்துவிட்டார்.

"யாரும்மா பெருங்களத்தூர்ல?"

"ஆபீஸ் ஃபிரண்ட், அத்தை."

"ம்." வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்பதற்கு முப்பத்து நாலு வருடமாகக் காரணம் கேட்டவரின் 'ம்' அது.

நாலு மணிக்கு எலியேசர் மறுபடி வந்தார். பிளக் சாக்கெட்டில் பொருந்தி உட்கார்ந்தது. அதில் கீசரும் உட்கார்ந்தது. குட்டி நீல விளக்கு கண் சிமிட்டியது. சுஜி போனில் விவரங்களைப் பதியும்போது அசரியா பின்னால் வந்து நின்றார்.

"என்னது அது, உரிமையாளர்னு போட்டிருக்கு?"

"யார் போன்ல முதல்ல பதியறாங்களோ அவங்களை உரிமையாளர்னு காட்டும், மாமா. மத்தவங்களை உறுப்பினரா சேத்துக்கலாம்."

அசரியா கண்ணாடியை ஏற்றி, திரையைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். "வீடு: எபெனேசர் இல்லம். உரிமையாளர்: சுஜி." கண்ணாடியை இறக்கினார். "வீட்டுப் பத்திரத்துல யார் பேர் இருக்கு?"

"உங்க பேர்தான், மாமா. இது வெறும் பிளக்கு."

"உங்களயும் உறுப்பினரா சேத்துக்குவாங்க சார்" என்றார் எலியேசர் ஆறுதலாக. "கை தூக்கினா போதும்."

சுஜி பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். போனைத் தொட்டாள். குளியலறையில் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்தது. அசரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, அரை நிமிடத்தில், "டெஸ்ட் முடிஞ்சுது. அணை" என்றார்.

"ஒண்ணே ஒண்ணு, மாமா. உங்க ரூம்ல இருக்கிற சுவிட்ச் எப்பவும் ஆன்லயே இருக்கணும். அங்க அணைச்சா பிளக்குக்குக் கரண்டே வராது. என் போன் என்ன பண்ணினாலும் ஒண்ணும் ஆகாது."

"எனக்குத் தெரியாதா? பிளான் நான் போட்டது."

ஆனாலும் அவள் அவர் அறைக்குள் போய், சுவிட்ச் மேல் பச்சை டேப் ஒட்டி, அதில் பேனாவால் 'அணைக்க வேண்டாம்' என்று எழுதினாள். எலியேசர் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். ஐந்து மணிக்குக் கேரல் குழுவின் கூட்டத்துக்கு, அழைக்காமலே, முன்னாள் செயலாளர் என்ற முறையில் அசரியா புறப்பட்டார். அறைப் பூட்டு இரண்டு முறை கிளிக் என்றது. சாவி சட்டைப் பைக்குள் போயிற்று.

ஐந்தரைக்கு ஞானஜோதி தோளில் டவலைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். காலையிலேயே குளித்தவர்.

"எப்படி அழுத்தணும், காட்டு."

சுஜி தன் போனை அவர் கையில் கொடுத்தாள். "இந்த வட்டத்தைத் தொடுங்க அத்தை. இருபது நிமிஷம் விடுங்க. கொதிக்கக் கொதிக்க வரும்."

ஞானஜோதி விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வட்டத்தைத் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. அழுத்தித் தொட்டார். திரையில் ஒரு வரி வந்தது: 'சாதனம் இணைப்பில் இல்லை.'

"நான் தப்பா தொட்டுட்டேனா?"

"இல்ல அத்தை." சுஜி குளியலறைக்குள் ஓடினாள். பிளக்கில் நீல விளக்கு இல்லை. கையால் பட்டனை அழுத்திப் பார்த்தாள். செத்துக் கிடந்தது.

வீட்டைச் சுற்றிக்கொண்டு போய் ஆபீஸ் ரூம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். சுவிட்ச் போர்டு நேர் எதிரே இருந்தது. கீசர் சுவிட்ச் கீழ்நோக்கியா மேல்நோக்கியா என்று உற்றுப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. டேப் அதன் மேல் இல்லை. சுருக்கம் விழாமல் உரித்து எடுத்து, மேஜை மேல் இருந்த மினிட்ஸ் நோட்டின் அட்டையில் நேராக ஒட்டியிருந்தது. 'அணைக்க வேண்டாம்' என்று அட்டை சொன்னது.

பழக்க தோஷத்தில் அணைத்திருந்தால் டேப் கிழிந்திருக்கும். இது முறைப்படி அணைத்தது.

ஜோஸ்வினும் வந்து எட்டிப் பார்த்தான். ஐந்து ஐம்பத்தைந்து ஆகியிருந்தது.

"பூட்டிட்டுப் போயிருக்காரு. சரி, இப்ப வந்துடுவாரு. வந்ததும் கேக்கலாம்."

"என்ன சொன்ன?"

"அப்பா வந்ததும்... கேக்கலாம்னு..." சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "ப்ச். ஒரு பிளக்குக்கு இவ்ளோ பேஜாரா சுஜி?"

"பிளக்கு நல்லாத்தான் இருக்கு ஜோஸ்."

ஞானஜோதி காலி பக்கெட்டோடு வாசலுக்கு வந்தார். அதைத் தரையில் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். டவல் இன்னும் தோளில் இருந்தது.

சரியாக ஆறு மணிக்கு மூன்று காரியங்கள் நடந்தன. மொட்டை மாடியில் நட்சத்திரம் எரிந்தது. யாரையும் கேட்காமல், ஒரு விநாடி பிந்தாமல். தெருமுனையில் அசரியாவின் ஸ்கூட்டர் திரும்பியது. நட்சத்திரம் எரிவதைப் பார்ப்பதற்கென்றே கூட்டத்திலிருந்து எழுந்து வந்திருந்தார். சுஜியின் கையில் போன் அடித்தது.

அசரியா கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, இறங்காமலே அண்ணாந்து பார்த்தார். "பாத்தீங்களா! ஆறுன்னா ஆறு! ஒருத்தரும் தொடல!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"அப்பா வந்துட்டாரு" என்றான் ஜோஸ்வின் அவசரமாக. "எடுக்காத சுஜி. சாவி அவர்ட்ட இருக்கு. ஒரு வார்த்தை கேளு, திறந்துடுவாரு."

சுஜி போனைப் பார்த்தாள். கேட்டைப் பார்த்தாள்.

"கேக்காதே" என்றார் ஞானஜோதி.

எழுந்தார். மருமகளின் கையிலிருந்து போனை வாங்கினார். பச்சை வட்டத்தைத் தொட்டார். இம்முறை வேலை செய்தது.

"தயாளன் சாருங்களா? ஸ்தோத்திரம். நான் சுஜியோட மாமியார் பேசறேன். இல்லல்ல, அவங்க முடிவை அவங்க சொல்லுவாங்க. நான் ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சிக்கலாம்னு..." குரலைத் தாழ்த்தவில்லை. கேட்டுக்கு வெளியே அண்ணாந்திருந்த தலை மெல்லக் கீழே இறங்கியது.

"உங்க வீட்டுல கீசர் சுவிட்ச் எந்த ரூம்ல இருக்கு?"